வெள்ளை மணலை நம்பாதீர்கள்: எஸ்பெரன்ஸ் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லக்கி பே என்ற பெயரே ஒரு தப்பிப்பில் பிறந்தது. 1802 ஜனவரியில் மேத்யூ ஃபிளிண்டர்ஸின் கப்பல் பாறைத் தீவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, ஒதுங்க இடம் தேடி இந்த விரிகுடாவுக்குள் புகுந்தது. பிழைத்த அதிர்ஷ்டத்துக்கு அவர் வைத்த பெயர் அது. இன்றைக்குப் படங்களில் தெரிவதோ வெள்ளை மணல், கண்ணாடி போன்ற நீர், கரையில் படுத்திருக்கும் கங்காரு. மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கரையில், பெர்த்திலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எஸ்பெரன்ஸ் வட்டாரத்தில் வெளியூர்க்காரர்கள் படும் அவதிகளில் பாதிக்கு மேல் அந்தப் படத்தை அப்படியே நம்புவதால் வருகிறவைதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளம்புவது

நிற்காமல் ஓட்டினாலே ஏழரை, எட்டு மணி நேரம். மதியம் பெர்த்தை விட்டால் கடைசி 200 கிலோமீட்டரும் இருட்டில்தான். கங்காருக்கள் சாலையோரம் மேய வருவது அந்தி சாயும் நேரத்திலும் விடியற்காலையிலும். ஒன்று கடந்தால் பின்னாலேயே இன்னொன்று வரும். குறுக்கே பாய்ந்தால் ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். நேராகவே வைத்துப் பிரேக்கை அழுத்துங்கள். 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒடித்தால் வண்டி சரளையில் இறங்கி உருளும். கங்காருவில் மோதுவதைவிட அதுதான் ஆபத்து.

வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும். ஒன்று, இருட்டிய பிறகு ஊர் எல்லைக்கு வெளியே ஓட்டலாமா என்பது. இன்னொன்று, மண் சாலையிலும் கடற்கரை மணலிலும் ஓட்டலாமா என்பது. பல நிறுவனங்கள் இரண்டுக்கும் இன்சூரன்ஸ் தருவதில்லை. விடிந்து வெளிச்சம் வந்ததும் கிளம்பி, பொழுதிருக்கவே எஸ்பெரன்ஸைத் தொடுவதுதான் சரி. டேங்க் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். சின்ன ஊர்களில் ஆளில்லாத, கார்டு போட்டு நாமே பிடிக்கும் பம்புகள்தான் பல. அன்றைக்கு அது வேலை செய்யாவிட்டால் அடுத்த ஊர் பக்கத்தில் இருக்காது.

மணலில் வண்டியை இறக்குவது

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கேப் லே கிராண்ட் தேசியப் பூங்காவில் லக்கி பே மணலில் வண்டி ஓட்ட அனுமதி உண்டு. மணல் மாவுபோல் நுண்ணியது, நடந்தால் கிறீச்சிடும். நனைந்த இடம் தார் ரோடு மாதிரி கெட்டியாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டுச் சாதாரணக் காரையும் இறக்கி விடுகிறார்கள். கெட்டி மணலுக்குப் போகும் வழியில் இருக்கும் உலர்ந்த, மிதிபட்டுத் தளர்ந்த மணலில்தான் சக்கரம் முதலில் புதையும். இன்னொரு பொறி கடல்பாசி. அலை ஒதுக்கிய பாசிக் குவியலை மணல் மூடி, மேலே சமதளமாகத் தெரியும், அடியில் சதசதப்பு. வண்டியின் எடை ஏறியதும் உள்வாங்கும்.

ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் மட்டும் போதாது. தார் ரோட்டில் 35 பிஎஸ்ஐ அளவில் இருக்கும் டயர் காற்றை, மணலில் இறங்கும் முன் 16 முதல் 20 பிஎஸ்ஐ வரை குறைக்க வேண்டும். காற்று குறைந்தால் டயர் தரையில் நீளவாக்கில் படியும். எடை பரவுவதால் மணலைக் குடையாது. அழுத்தமானியும், காரின் மின்சாரத்தில் ஓடும் சிறு காற்றடிப்பானும் கையில் இல்லாதவர் இறங்கவே கூடாது. திரும்பி ரோடேறும்போது காற்றடிக்காமல் வேகம் எடுத்தால் டயர் சூடேறிக் கிழியும்.

புதைந்துவிட்டால் பெரும்பாலோர் செய்வது ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதிப்பது. சக்கரம் அதே இடத்தில் சுற்றிச் சுற்றி, வண்டியின் வயிறு மணலில் உட்காரும்வரை தோண்டிக்கொள்ளும். சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லை என்று தெரிந்த நொடியே காலை எடுங்கள். எல்லோரும் இறங்கட்டும். நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும், வண்டியின் அடியிலும் மணலை வாரித் தள்ளுங்கள். காற்றை 15 வரை, முடியாவிட்டால் 12 வரை இறக்குங்கள். பிறகு வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுங்கள். அந்தத் தடம் ஏற்கெனவே அமுங்கியிருப்பதால் பிடிப்புக் கிடைக்கும். அதற்கும் மசியாவிட்டால்தான் சக்கரத்துக்கு அடியில் செருகும் மீட்புப் பலகை.

இந்தக் கரையில் ஓதம் ஏறி இறங்கும் அளவு குறைவு. அதனால் ‘தண்ணீர் இதற்கு மேல் வராது’ என்று ஓத அட்டவணையைக் காட்டி அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். இங்கே கடலை மேலே தள்ளுவது பெரும்பாலும் காற்றும் தென்கடலிலிருந்து வரும் நெடும் அலையும்தான். காலையில் 20 மீட்டர் அகலம் இருந்த மணல், சாயங்காலம் ஒரு வண்டி போகும் அளவு இல்லாமல் போகலாம். ஊருக்குக் கிழக்கே வைலி பேயிலிருந்து பூங்காவரை கரையோரமாகவே ஓட்டிப் போகும் வழி சுமார் 22 கிலோமீட்டர். முதல்முறை வருபவருக்கு அது தேவையே இல்லை. ஹெல்ஃபயர் பே, லே கிராண்ட் பீச், லக்கி பே மூன்றுக்கும் தார் ரோடு இருக்கிறது.

பாறையில் நிற்பது

மணலைவிட மோசம் பாறை. வளைந்து வழுவழுப்பாகக் கடலுக்குள் இறங்கும் கிரானைட் பாறைகள் உட்கார்ந்து படமெடுக்கத் தோதாகத் தெரியும். பத்து நிமிடம் பார்த்தும் அலை கால்வரை வரவில்லையே என்று இன்னும் இரண்டடி இறங்குவார்கள். தென்கடலில் அலைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. நீண்ட அமைதிக்குப் பிறகு இரண்டு மூன்று அலை ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து வழக்கத்தைவிடப் பல மீட்டர் மேலே ஏறும். இங்கே அதை ராஜ அலை என்பார்கள். அது அடித்து வீழ்த்துவதைவிடத் திரும்பும்போது இழுப்பதுதான் கொல்வது: சறுக்குமரம் போன்ற சரிவு, பிடித்துக்கொள்ள ஒரு பிளவுகூட இருக்காது, கீழே தண்ணீர் குளிர்ச்சி.

ஒரே விதி. பாறை கறுத்தோ ஈரமாகவோ இருக்கும் இடம் கடலுக்குச் சொந்தம். வெயிலில் காய்ந்து வெளிறிய இடத்தில் மட்டும் நில்லுங்கள். யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். மிதக்கும் பொருள் எதையாவது வீசுங்கள், மூடிய ஐஸ் பெட்டிகூட உதவும். விழுந்தவர் பாறைக்கே திரும்பி ஏற முயன்றால் அடுத்த அலை அதிலேயே மோதும். சற்று விலகி மிதந்து உதவிக்குக் காத்திருப்பதே மேல்.

நீந்துவதில் வரும் தவறு வேறு மாதிரி. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கருநீலமாக இருக்கும். ‘அலை இல்லாத இடம், குழந்தைகளை இங்கே விடலாம்’ என்று தோன்றும். கரைக்கு வந்த நீர் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அதுதான். இழுவையில் மாட்டினால் எதிர்த்து நீந்தாமல் மிதந்து கையைத் தூக்கிக் காட்டுங்கள், தெம்பிருந்தால் கரைக்கு இணையாக, அலை உடையும் பக்கம் நகருங்கள். ஒதுக்குப்புறக் கடற்கரைகளில் உயிர்காப்போர் இருக்க மாட்டார்கள். சுறாவும் வெறும் பேச்சில்லை: வைலி பேயில் 2017-லும் 2020-லும் உயிரிழப்பு நேர்ந்தது. இறங்கும் முன் மாநில அரசின் ஷார்க்ஸ்மார்ட் தளத்தில் அன்றைய நிலவரத்தைப் பாருங்கள். இறந்த திமிங்கிலமோ மீன் கூட்டமோ தெரிந்தால் அன்று கரையிலேயே இருங்கள்.

சூடு இல்லையே என்று தொப்பி போடாதது

கோடையிலும் இங்கே பகல் வெப்பம் சராசரியாக 26 டிகிரி அளவுதான். கூடவே ஓயாத காற்று. சென்னை வெயிலில் வளர்ந்த உடம்பு இதை வெயிலாகவே எடுத்துக்கொள்ளாது. தோலைச் சுடுவது வெப்பம் அல்ல, புற ஊதாக் கதிர். இங்கே கோடையில் அதன் குறியீட்டு எண் 11-ஐத் தாண்டுவது சாதாரணம், வெள்ளை மணல் அதில் ஒரு பங்கைத் திருப்பி மேலே அனுப்புகிறது. நம் மாநிறமும் ஒரு நாள் முழுக்கத் தாங்காது. முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் வேண்டும். 50+ கிரீமை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தடவ வேண்டும்.

காற்றுக்கேற்பக் கடற்கரையைத் தேர்ந்தெடுப்பது உள்ளூர்க்காரர் பழக்கம். காற்று வரும் திசையில் குன்றோ முனையோ மறைக்கும் விரிகுடாவாகப் பாருங்கள். காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று மணலை முகத்தில் வீசும்.

பூங்காவுக்குள் செய்பவை

நாயைக் கூட்டிப் போகாதீர்கள். விதி என்பதற்காக மட்டுமல்ல. நரிகளைக் கட்டுப்படுத்த மேற்கு ஆஸ்திரேலியக் காடுகளில் 1080 என்ற விஷம் வைத்த இறைச்சித் துண்டுகளைப் போடுகிறார்கள். அதே வேதிப்பொருள் இந்த மண்ணின் சில செடிகளிலேயே இருப்பதால் உள்ளூர் விலங்குகள் அதைத் தாங்கும். நாய் தாங்காது, மாற்று மருந்தும் கிடையாது.

லக்கி பே கங்காரு கிட்டே வரும். ரொட்டி, சிப்ஸ் கொடுக்காதீர்கள். மென்மையான உணவு ஈறில் சிக்கிப் புண்ணாகி, தாடை வீங்கும் நோயில் முடிகிறது. பாதையின் தொடக்கத்தில் காலணி துடைக்கும் தூரிகை வைத்திருந்தால் தாண்டிப் போகாதீர்கள். பைட்டோப்தோரா என்ற வேரழுகல் நோய் சேற்றோடு ஒட்டி வருகிறது, அது தொற்றிய இடத்தில் பாங்க்சியா மரங்கள் கூட்டமாகச் சாகின்றன.

262 மீட்டர் உயரமுள்ள ஃபிரெஞ்ச்மேன் பீக் போய்வர 3 கிலோமீட்டர்தான் என்பதால் செருப்போடு ஏறுகிறவர்கள் உண்டு. கிட்டத்தட்ட முழுவதும் மொட்டைப் பாறைச் சரிவு. ரப்பர் அடிப்பாகமுள்ள ஷூ வேண்டும். மழை பெய்து நனைந்திருந்தாலோ பலத்த காற்று அடித்தாலோ விட்டுவிடுங்கள். இறங்கும்போது குறிகளை விட்டுக் குறுக்கு வழி தேடினால் செங்குத்தான பக்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

இரவு தங்க லக்கி பேயிலும் லே கிராண்ட் பீச்சிலும் மட்டுமே முகாம் இடம் உண்டு, ஆன்லைனில் முன்பதிவு செய்ய வேண்டும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் நாட்களுக்கு மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். குடிநீரை ஆளுக்கு ஒரு நாளைக்கு 4, 5 லிட்டர் கணக்கில் ஊரிலேயே பிடித்துச் செல்லுங்கள். குப்பையைத் திருப்பிக் கொண்டுவரப் பையும் வேண்டும். விறகு மூட்டக் கூடாது.

கைபேசிச் சிக்னல் பல இடங்களில் இருக்காது. ஆகவே எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். கடற்கரை நுழைவிடங்கள் பலவற்றில் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீட்டுப் பலகை இருக்கும். இறங்கும்போதே அதை ஒரு படம் எடுத்துவையுங்கள். அவசர உதவி எண்ணான 000-க்கு அழைக்க நேர்ந்தால் ‘பெரிய பாறைக்குப் பக்கத்தில்’ என்று விளக்கிக்கொண்டிருக்காமல் அந்தக் குறியீட்டைப் படித்தால் போதும், ஆம்புலன்ஸ் எந்த வழியாக வர வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.