த்ரெட்டுக்குப் பெயர் வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். ஒரே ஊரில் நாலைந்து சிதம்பரம் செட்டியார் இருந்தாலும் ஆள் மாறாமல் காப்பாற்றுவது பெயருக்கு முன்னால் வரும் விலாச எழுத்துகள்தான். நிரலில் ஓடும் த்ரெட்டுகளுக்கு, அதாவது ஒரே நிரலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும் தனித்தனி வேலை ஓட்டங்களுக்கு, அந்த விலாசத்தைப் பலரும் வைப்பதில்லை.

ஆத்தங்குடி டைல்ஸுக்கு ஆர்டர் எடுக்கும் ஒரு ஜாவா சர்வர் அசையாமல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எந்த த்ரெட் என்ன செய்கிறது என்று காட்டும் ஜேஸ்டாக் கருவியைப் போட்டுப் பார்த்தால், 'பூல்-1-த்ரெட்-3' ஒரு பூட்டுக்காக (lock) காத்திருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது 'பூல்-2-த்ரெட்-1'. இதில் பில் போடுவது எது, ஸ்டாக் (சரக்கு இருப்பு) பார்ப்பது எது? பூல் என்ற த்ரெட் தொகுப்பை உருவாக்கும்போதே, த்ரெட்டுகளைச் செய்து தரும் ஒரு த்ரெட் ஃபேக்டரி கொடுத்து 'பில்-1', 'ஸ்டாக்-1' என்று வைத்திருந்தால் பார்த்த உடனே தெரிந்திருக்கும். 'ஒர்க்கர்-2' என்பதெல்லாம் என் கணக்கில் பெயரே இல்லை.

அடுத்தது நீளம். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒரு த்ரெட் பெயருக்கு 16 பைட் தருகிறது. பெயர் முடிந்தது என்று காட்டும் முடிவுக்குறிக்கு ஒரு பைட் போக மிச்சம் 15. ஆங்கில எழுத்தில் 'செட்டிநாடு-ஆர்டர்' என்று எழுதினாலே அந்தப் 15 தீர்ந்துவிடும். அதன் பின்னால் வரும் 1, 2, 3 எல்லாம் வெட்டுப்பட்டு, ஓடுபவற்றைப் பட்டியலிடும் டாப் கருவியின் திரையில் எல்லா த்ரெட்டும் ஒரே பெயரில் நிற்கும். பெயர் வைக்க உதவும் அழைப்புகளில் பிஆர்சிடிஎல் (prctl) சத்தமில்லாமல் வெட்டும். பிதிரெட் செட்நேம் (pthread_setname_np) வெட்டாது. பிழை எண்ணைத் திருப்பித் தந்துவிட்டுப் பழைய பெயரையே விட்டுவிடும். அந்த எண்ணை யார் பார்க்கிறார்கள்! தமிழிலேயே வைக்கலாம் என்று ஆசைப்பட்டால், எழுத்துகளை பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். 'செட்டிநாடு' என்பது 'செட்ட' என்று பாதியில் நிற்கும். வேறுபடுத்தும் சொல்லை முன்னால் போடுங்கள், கம்பெனிப் பெயர் வேண்டவே வேண்டாம்.

பெயர் வைக்காமல் விட்டால் லினக்ஸில் புது த்ரெட் தன்னை உருவாக்கியதன் பெயரையே எடுத்துக்கொள்ளும். பில் த்ரெட் ஒரு பதிவேடு (log) எழுதும் த்ரெட்டை உருவாக்கினால் அதுவும் 'பில்-1'தான். அப்புறம், மெயின் த்ரெட்டின் பெயரில் கை வைக்காதீர்கள். பிஎஸ், கில்ஆல் போன்ற கட்டளைகள் அதைத்தான் புராசஸின் (ஓடும் மொத்த நிரலின்) பெயராகப் பார்க்கின்றன.

பைத்தானில் த்ரெட்டுக்கு நேம் (name) கொடுத்தும் டாப்பில் தெரியவில்லையா? 3.14 பதிப்பிலிருந்துதான் அந்தப் பெயர் இயங்குதளம் (ஓஎஸ்) வரை போகிறது. அதற்கு முந்தைய பதிப்பென்றால் பதிவேட்டு (log) வரியில் த்ரெட் பெயரையும் சேர்த்து அச்சிடுங்கள்.