செயினும் பல்சக்கரமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கத்து ஊர்களில், பழைய சைக்கிளின் பாகங்களைக் கொண்டு கையால் சுற்றும் கடலை உடைப்பான் (உருளையைச் சுழற்றி நிலக்கடலையின் ஓட்டை உடைத்துப் பருப்பை எடுக்கும் இயந்திரம்) செய்து பார்ப்பவர்களோடு சில காலமாகப் பழகிவருகிறேன். செயின் கழன்றாலோ அறுந்தாலோ எல்லோரும் செயினையே குறை சொல்கிறார்கள். நான் பார்த்தவரையில், குறை பெரும்பாலும் அதைப் பொருத்திய விதத்தில்தான் இருந்தது.

முதல் தவறு, பல் கணக்கைத் தலைகீழாக வைப்பது. சைக்கிளில் பெடலோடு சுற்றும் 44 பற்கள் கொண்ட பல்சக்கரம், பின்சக்கரத்தில் உள்ள 18 பற்கள் கொண்ட ஃப்ரீவீல் என்னும் பல்சக்கரத்தை ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.44 முறை சுழற்றுகிறது. அதே அமைப்பை அப்படியே எடுத்துக் கைப்பிடியில் பெரிய சக்கரத்தையும் உருளையில் சிறியதையும் மாட்டினால், உருளை வேகமாகச் சுற்றும். ஆனால் உருளைக்குக் கிடைக்கும் திருகுவிசை 2.44 மடங்கு குறைந்துபோவதால் கை விரைவில் சோர்ந்துவிடும். வேகம் கூடுவதால் நிலக்கடலைப் பருப்பும் உடையும். மெதுவாகவும் அழுத்தமாகவும் சுற்ற வேண்டிய இயந்திரத்தில் சிறிய சக்கரம் கைப்பிடியில்தான் இருக்க வேண்டும். அதற்காக 11 பல் சக்கரத்தைத் தேடிப் போகவும் வேண்டாம். பற்கள் குறையக் குறைய, செயின் வட்டமாக வளையாமல் பலகோணமாக மடிவதால், ஒவ்வொரு பல்லுக்கும் அதன் வேகம் ஏறி இறங்குகிறது. 11 பற்களில் ஏறத்தாழ 4 சதவீதமாக உள்ள இந்த ஏற்ற இறக்கம் 18 பற்களில் 1.5 சதவீதமாகக் குறைகிறது. ஃப்ரீவீலையே பயன்படுத்துவதிலும் ஒரு சிக்கல் உண்டு: உருளையில் கடலை சிக்கிக்கொண்டால் கைப்பிடியைப் பின்னோக்கிச் சுற்றி விடுவிக்க முடியாது, ஏனெனில் அது ஒரு திசையில் மட்டுமே விசையைக் கடத்தும்.

அடுத்தது, கண்ணி இடைவெளி ஒன்றாக இருப்பதால் செயினும் பொருந்திவிடும் என்று நம்புவது. சைக்கிள் செயினுக்கும், 100 சி.சி. பைக்குகளில் பரவலாக வரும் 428 செயினுக்கும் இடைவெளி ஒன்றே, 12.7 மில்லிமீட்டர். ஆனால் சைக்கிள் செயினில் பற்களுக்கு நடுவே அமரும் ரோலரின் விட்டம் சுமார் 7.75 மில்லிமீட்டர், 428-இல் அது 8.5. அதன் உள்அகலமும் இரண்டு மடங்குக்கு மேல் அதிகம். பைக் செயினைச் சைக்கிள் சக்கரத்தில் மாட்டினால் ரோலர் பல்லின் அடியில் அமராது, செயினும் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருக்கும்.

நான் அதிகம் வருந்துவது தேய்மானத்தைப் பற்றித்தான். “செயின் இழுத்துக்கொண்டது” என்கிறோம். உண்மையில் தகடுகள் நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின் (pin) என்னும் சிறு தண்டும் அதைச் சூழ்ந்த புஷ் என்னும் குழலும் உரசித் தேய்கின்றன, அந்தச் சிறு இடைவெளிகள் கூடிச் செயின் முழுவதும் நீண்டதாகத் தெரிகிறது. 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் புஷ் வைத்த ரோலர் செயினுக்குக் காப்புரிமை பெற்றார். பின் தாங்கும் பரப்பை அகலமாக்கியதே அந்த வடிவமைப்பின் பெரும்பயன். ஆகவே எண்ணெய் போய்ச்சேர வேண்டிய இடம் அந்தப் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே உள்ள மெல்லிய சந்து. வெளியே கெட்டியாக கிரீஸ் அப்பினால் அது உள்ளே இறங்காது. நம் பகுதியின் செம்மண் தூசியை இழுத்துப் பிடித்துக்கொண்டு உப்புத்தாள் போல உலோகத்தை அரிக்கும். வீட்டில் இருக்கும் நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகும், வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலில் உலோகத்துகள் இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்தி, புதிய ஆயிலைக் கண்ணித் தகடுகளின் விளிம்பில் சொட்டுச் சொட்டாக விட்டுச் சுற்றி, வெளியே நிற்பதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். துடைப்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

செயினை இழுத்துப் பிடித்து 24 கண்ணிகளை அளந்து பாருங்கள். புதிய சைக்கிள் செயினில் அது 304.8 மில்லிமீட்டர், 307-ஐத் தாண்டியிருந்தால் மாற்றிவிடலாம். பற்கள் கொக்கி போல ஒருபக்கம் சாய்ந்திருந்தால் செயினை மட்டும் மாற்றுவது வீண் செலவு. தேய்ந்த பற்களின் மேல் புதுச் செயின் ஏறிக் குதிக்கும், விரைவில் அதுவும் கெடும்.

செயினை விறைப்பாக இழுத்துக் கட்டுவதும் தவறே. படுக்கையாக ஓடும் செயினில் இரு அச்சுகளுக்கும் இடையே 60 சென்டிமீட்டர் இருந்தால், நடுவில் 12 முதல் 24 மில்லிமீட்டர் வரை மேலும் கீழும் அசைய வேண்டும். தொய்வான பக்கம் கீழே வருமாறு அமைப்பது நல்லது. இரு சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்பதை ஒரு நேர்ச்சட்டத்தைச் சார்த்தி வைத்தே பார்த்துவிடலாம்.

இறுதியாக, செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் இணைப்புக் கண்ணியின் கிளிப். அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது இடித்துக் கழன்று விழும். அதை மாட்டிய கையோடு செயினுக்கு ஒரு தகர மூடியும் போட்டுவிடுங்கள். தாவணி முனையும் குழந்தையின் விரலும் செயினும் பல்லும் சேரும் இடத்தில் சிக்கினால், கைப்பிடி நிற்பதற்குள் உள்ளே இழுத்துவிடும்.