சர்க்கரை நோய் தெரியவந்த முதல் மாதங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது சோற்றைக் குறைத்து, முந்தின இரவு இரண்டு இட்லியோடு படுத்து, விடியற்காலையில் ஒரு மணி நேரம் வேகமாக நடந்துவிட்டு ரத்தம் கொடுக்கப் போகும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. இரண்டாம் வகை நீரிழிவு என்று தெரிந்தபின் செய்த முதல் மறுபரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 என்று வந்ததும், தேர்வில் தேறிய மாணவனைப் போலத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அடுத்த தாளில், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.4 என்று இருந்ததை மருத்துவர்தான் எடுத்துக் காட்டினார். “ரெண்டு நாள் ஒழுங்கா இருந்திருக்கீங்க. மீதி எண்பத்தெட்டு நாள்?” என்று கேட்டார்.

பரிசோதனையைத் தேர்வாக நினைத்து மதிப்பெண்ணுக்குத் தயாராவதுதான், புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்கள் செய்யும் முதல் தவறு. அந்தப் பொய் எண்ணை நம்பி மருத்துவர் மாத்திரையின் அளவை முடிவு செய்தால் நட்டம் நமக்கே. எச்பிஏ1சியை அப்படி ஏமாற்ற முடியாது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருக்கிறது; அதிலுள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்பதை அளப்பதால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை அது சொல்லிவிடுகிறது. 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவு. சிகிச்சையில் இருக்கும் பெரும்பாலோருக்கு 7-க்குக் கீழே என்பது இலக்கு, வயதானவர்களுக்கு மருத்துவர் அதைச் சற்றுத் தளர்த்துவார். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். நம் வீட்டுப் பெண்களில் பலருக்கு ரத்தசோகை இருப்பதால் அதை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

வெறும் வயிற்று எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடுவதும் இதோடு சேர்ந்தது. காலையில் எழும்போது உள்ள அளவு, இரவெல்லாம் கல்லீரல் வெளிவிட்ட குளுக்கோஸைப் பெரிதும் பொறுத்தது. விடியலை ஒட்டிச் சுரக்கும் கார்டிசோல் போன்ற ஹார்மோன்களும் அதை ஏற்றிவிடும். இரவு ஒன்றுமே சாப்பிடாமல் படுத்தும் காலையில் 150 காட்டுகிறதே என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் விடை. நாம் உண்ட உணவு என்ன செய்தது என்பது, முதல் கவளத்தை வாயில் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில்தான் தெரியும். அந்தப் பரிசோதனைக்கு வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொள்ள வேண்டும். பொதுவான இலக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை, சாப்பிட்டபின் 180-க்குக் கீழே. வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர்கள் ஆரஞ்சுப் பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்திப் பார்த்துவிட்டு அலறுவதையும், ஆய்வகத்தில் 140, வீட்டில் 152 என்பதற்காகக் கருவியை மாற்றுவதையும் பார்த்திருக்கிறேன். 15 விழுக்காடு வரை வேறுபாடு இத்தகைய கருவிகளுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டதே.

அடுத்தது சாப்பாடு, இங்கேதான் தவறுகள் நல்ல எண்ணத்தோடு நடக்கின்றன. நோய் தெரிந்த மறுநாளே வீட்டில் அரிசி குற்றவாளி ஆகிவிடுகிறது; காலையில் ராகிக் கஞ்சி, இரவில் சப்பாத்தி என்று திட்டம் மாறுகிறது. ராகியில் நார்ச்சத்து உண்டு என்பது உண்மை. ஆனால் அதை நைசாக அரைத்து, நீரில் கரைத்து, கொழகொழவென்று வேகவைத்துப் பெரிய டம்ளரில் ஆற்றிக் குடிக்கும்போது, மெல்லுகிற வேலைகூட இல்லாமல் அந்த மாவுச்சத்து விரைவாகக் குளுக்கோஸாகி ரத்தத்தில் சேர்கிறது. ஒரு நாள் கஞ்சி குடித்த இரண்டு மணி நேரத்தில் சோதித்துப் பாருங்கள். இரண்டு இட்லிக்கு வந்ததைவிட எண் அதிகமாக இருந்தால் வியப்பதற்கில்லை. சப்பாத்தியின் கதையும் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றும் 30 கிராம் மாவில் இட்ட சப்பாத்தி இரண்டும் ஒரு கப் சோறும் ஏறக்குறைய ஒரே அளவு, அதாவது 40 கிராமை ஒட்டிய மாவுச்சத்தைத் தருகின்றன. ஒரு கப் சோற்றுக்குப் பதிலாக நான்கு சப்பாத்தியை உருளைக்கிழங்குக் குருமாவோடு சாப்பிட்டால் சர்க்கரை ஏன் இறங்கப்போகிறது? வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டுக் கருப்பட்டிக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் தேனுக்கும் மாறுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்ல வேண்டியிருக்கிறது. கருப்பட்டியில் மணம் இருக்கிறது, கொஞ்சம் தாது உப்புகள் இருக்கின்றன; மற்றபடி அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ் என்ற அதே சர்க்கரைதான்.

தானியத்தை மாற்றுவதைவிடத் தட்டை மாற்றுவது பயன் தரும் என்பது என் அனுபவம். சோற்றை ஒரு கப்பாக நிறுத்தி, பொரியலையும் கூட்டையும் இரண்டு மடங்காக்கி, கூடவே சுண்டலோ முட்டையோ மீனோ வைத்துக்கொண்டால், அதே பொன்னி அரிசிச் சோற்றுக்கும் எண் மெதுவாகத்தான் ஏறுகிறது. சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதும் உதவும். வேலை செய்யும் தசை, கூடுதல் இன்சுலினை எதிர்பாராமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.

உடல் எடையைப் பற்றி யாரும் அழுத்திச் சொல்லாதது எனக்கு வருத்தம். பிரிட்டனில் நடந்து 2017-இல் வெளியான ‘டைரெக்ட்’ ஆய்வில், நோய் தெரிந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள் கடுமையான உணவுத் திட்டத்தால் எடையைக் குறைத்தபோது, ஓராண்டு முடிவில் 46 விழுக்காட்டினர் மாத்திரையில்லாமல் நீரிழிவு அளவுக்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் இது 86 விழுக்காடு. மருத்துவக் கண்காணிப்போடு நடந்தது அது. ஆகவே இதைப் படித்துவிட்டு இன்றே மாத்திரையைத் தூக்கிப் போடுவதற்கு இடமில்லை.

மாத்திரையைத் தூக்கிப் போடுவது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மெட்ஃபார்மின் தொடங்கிய முதல் வாரத்தில் வயிறு உப்பும், சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும். அதே வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, “சுகர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும், எங்க சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு” என்று சொல்லிவிட்டுப் போவார். இரண்டும் சேர்ந்தால் மாத்திரை அலமாரிக்குள் போய்விடும். வயிற்றுத் தொல்லைக்கு வழி உண்டு: உணவோடு சேர்த்துப் போடுவது, குறைந்த அளவில் தொடங்கி ஏற்றுவது, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றித் தரச் சொல்வது. சிறுநீரகத்தை அந்த மாத்திரை கெடுப்பதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே நன்றாகப் பழுதாகியிருந்தால் அந்த மருந்தைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். சித்தப்பாவின் சிறுநீரகத்தைக் கெடுத்தது பெரும்பாலும் அவர் கட்டுப்படுத்தாமல் விட்ட சர்க்கரையும் ரத்த அழுத்தமுமாகத்தான் இருக்கும். பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும் என்பது மெய்யான பக்கவிளைவு. அதை அவ்வப்போது சோதித்துக்கொள்ளலாம். செலவுதான் தடை என்றால், தமிழக ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கிளிமெபிரைடு போன்ற மாத்திரை, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். அதைப் போட்டுவிட்டு ஏகாதசி விரதம் என்றோ வேலை மும்முரம் என்றோ சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே சரிந்துவிடும். கை நடுங்கி, வியர்த்து, நெஞ்சு படபடக்கும்போது சிலர் அதைச் சர்க்கரை ஏறிவிட்டதாக நினைத்து இன்னொரு மாத்திரை போடுகிறார்கள். அது உயிருக்கே ஆபத்து. உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, ஏறாவிட்டால் திரும்பவும் குடிக்க வேண்டும். சாக்லேட்டிலுள்ள கொழுப்பு குளுக்கோஸ் சேருவதைத் தாமதப்படுத்துவதால் அந்த நேரத்துக்கு அது உதவாது. விரதம் இருப்பவர்கள், நோன்பு வைப்பவர்கள், முன்கூட்டியே மருத்துவரிடம் சொன்னால் மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மாற்றித் தருவார்.

கடைசியாக, ‘இப்போதுதானே வந்தது’ என்று கண்ணையும் காலையும் தள்ளிப்போடுவது. இரண்டாம் வகை நீரிழிவு பலருக்குச் சில ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்த பிறகே தெரியவருகிறது; அதனால் தெரிந்த அன்றே விழித்திரையில் கசிவு இருக்கலாம், பார்வை தெளிவாக இருந்தாலும்கூட. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்ற சோதனையையும், பாதத்தில் தொடு உணர்வு உள்ளதா என்ற சோதனையையும் அந்த முதல் மாதத்திலேயே செய்துவிட வேண்டும். உணர்வு குறைந்த கால் சித்திரை வெயிலில் கோவில் பிரகாரத்துக் கல்லில் கொப்புளித்தாலும் வீடு திரும்பும்வரை தெரியாது. கண் சோதனைக்குப் போகும்போது துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விட்டபின் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், இருசக்கர வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு திரும்ப முடியாது.