வீடு கைநழுவியது, முன்பணம் திரும்பியது

வங்கி கடன் தர மறுத்துவிட்டது. பார்த்துவைத்த வீடு கைநழுவியது. "பின்வாங்கியது நீங்கள்தானே, அட்வான்ஸ் கிடையாது" என்றார் விற்பவர். போனில் கெஞ்சிக் கெஞ்சி நாள்கள்தான் ஓடின. அப்புறம்தான் ஒப்பந்தத்தை நிதானமாகப் படித்தேன். கடைசிப் பக்கத்தில், என் கையெழுத்துக்கு மேலேயே இருந்தது அந்த வரி: கடன் கிடைக்காவிட்டால் 30 நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும், முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும். மிச்சம் நான்கே நாள். மனசு பதறியது.

வங்கியின் மறுப்புக் கடிதம், பணம் கொடுத்த ரசீது, அந்தப் பக்கத்தின் நகல் எல்லாவற்றையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பேச்சுக்கு அசையாதவர் கடிதத்துக்கு இறங்கி வந்தார். ரத்துப் பத்திரத்தில் முதலில் கையெழுத்துக் கேட்டார். பணம் கணக்கில் ஏறிய பிறகே போட்டேன்.