வசந்த காலத்துல ஹீத்துக்கு போறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள் (அந்த தண்ணித் தொட்டிதான் முக்கியம்)

போன ஞாயித்துக்கிழமை இங்கிலாந்துல சர்ரேல எங்க ஹீத்துல புதுசா சேர்ந்த வாலண்டியர்ஸ் நாலு பேர கூட்டிக்கிட்டு மாடு பாக்க ஒரு ரவுண்டு போனேன். மூணு மணி நேரத்துக்குள்ள, நான் முதல் ரெண்டு வருஷம் பண்ண தப்பு அத்தனையும் ஒண்ணு விடாம பண்ணிட்டாங்க. கோவம் அவங்க மேல இல்ல, இதையெல்லாம் யாரும் முன்கூட்டியே சொல்லித் தர்றதில்லங்கறதுதான் என் ஆதங்கம். அதான் எழுதறேன்.

ஹீத்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: சத்தே இல்லாத, அமிலத்தன்மை உள்ள மணல் மண்ணு, அதுல முழங்கால் உயரத்துக்கு ஹெதர் புதர், நடுநடுவுல கோர்ஸ் முள்ளு. கோர்ஸ் ஏப்ரல்ல மஞ்சளா பூத்து நிக்கறப்ப வெயில் பட்டா அப்படியே தேங்காய் வாசனை வரும் (ஊட்டி மலையில இதே செடிய வெள்ளைக்காரங்க கொண்டாந்து வச்சு இப்ப களையா பரவிக் கெடக்கு, இங்க இது சொந்த ஊர்க்காரன்). அந்தக் காலத்துல ஊர்க்காரங்க ஆடு மாடு மேய்ச்சு, கோர்ஸ வெட்டி அடுப்பெரிச்சு வந்ததாலதான் இந்த நிலம் திறந்த வெளியாவே இருந்துச்சு. அந்தப் புழக்கம் நின்னுட்டா பிர்ச் மரமும் பைன் மரமும் முளைச்சு காடாயிடும். இங்கிலாந்துல 1800ல இருந்த ஹீத்துல 80 சதவீதத்துக்கு மேல இப்ப இல்ல. மிச்சத்த காப்பாத்தத்தான் திரும்ப மாடும் போனியும் (குட்டைக் குதிரை) விடறோம்.

நாய மார்ச் 1லேர்ந்து ஜூலை 31 வரைக்கும் 2 மீட்டர் கயித்துல பிடி, கேட்ட சாத்து, போனிக்கு கேரட் குடுக்காத, இதெல்லாம் போர்டுலயே எழுதியிருக்கு, அத விட்டுடறேன்.

தலை எண்ணிட்டு டிக் போடறது

பன்னண்டு மாடு இருக்கணும், பன்னண்டு இருக்கு, கெளம்பலாம். இப்படித்தான் நானும் இருந்தேன். ஒருநாள் கணக்கு கரெக்டா இருந்துச்சு, ஆனா அதுல ஒண்ணு கூட்டத்த விட்டு நாப்பது அடி தள்ளி தனியா நின்னுச்சு, சும்மா நிக்குதுன்னு வந்துட்டேன். மறுநாள் பாத்தவங்க குளம்புக்கு நடுவுல முள்ளு ஏறி வீங்கியிருக்குன்னு சொன்னாங்க. ஊர்ல எங்க பாட்டி மாட்ட எண்ணவே மாட்டாங்க. அசை போடுதா, மூக்கு ஈரமா இருக்கா, எழுப்பினா நாலு காலையும் சமமா ஊனுதா, இதத்தான் பாப்பாங்க. படுத்திருக்கற மாட்ட எழுப்பி நாலு அடி நடக்க விடுங்க, அதுக்கு அப்புறம் எண்ணுங்க.

தண்ணித் தொட்டிய நமக்கு வசதியான எடத்துல வைக்கறது

இதப்பத்தி நினைச்சா இன்னும் எனக்கு வயிறு எரியும்.

ஆறு வருஷம் முன்னாடி மே மாசம், பழைய தொட்டிக்குப் போற பைப் உடைஞ்சுடுச்சு. வெயில் நாள்ல ஒரு மாடு 50 லிட்டர் வரைக்கும் குடிக்கும், அதனால அவசரமா வேற எடம் பாக்க வேண்டியதாச்சு. வண்டி வர்ற பாதைக்குப் பக்கத்துலயே தெற்கு பாத்த ஒரு மணல் மேடு, அடிவாரம் சமமா காய்ஞ்சு இருந்துச்சு, தண்ணிய தூக்கிக்கிட்டு நடக்க வேணாம், நான்தான் அந்த எடத்த காட்டினேன். கையோட தாது உப்புக் கட்டியையும் அங்கயே வச்சுட்டோம்.

மாடு தண்ணி குடிச்சுட்டு போயிடும்னு நெனச்சோம். போகாதுங்க. குடிக்கும், உப்ப நக்கும், சூடான மணல்ல படுத்து அசை போடும், எழுந்து திரும்ப குடிக்கும். மூணு வாரம் கழிச்சு போய் பாத்தா மேட்டு ஓரத்துல இருந்த பழைய ஹெதர், கட்டை விரல் தடிமன்ல தண்டு உள்ளது, எல்லாம் முறிஞ்சு சாஞ்சு கெடக்கு. பொலபொலன்னு இருந்த மணலு சாணியும் மூத்திரமும் கலந்து களிமண் தரை மாதிரி கெட்டியாயிடுச்சு.

அந்த மேடுதான் மணல் பல்லியோட எடம். பிரிட்டன்ல ரொம்ப அரிதான பல்லி, ஏப்ரல் மே மாசத்துல ஆண் பல்லியோட ரெண்டு பக்கமும் பச்சைப் பசேல்னு மாறும், பாத்தா மறக்க முடியாது. பெண் பல்லி மே கடைசியிலயும் ஜூன்லயும் வெயில் நல்லா விழற வெறும் மணல்ல குழி தோண்டி முட்டை போட்டு மூடிட்டுப் போயிடும், அடைகாக்கறது சூரியன்தான். அதுக்கு வெறும் மணலும் வேணும், ரெண்டடி தள்ளி ஒளிஞ்சுக்க வயசான ஹெதரும் வேணும், ரெண்டும் சேர்ந்திருக்கற எடம் ஒரு ஹீத்துல விரல் விட்டு எண்ணலாம். நாங்க சரியா முட்டை போடற மாசத்துல, சரியா அந்த எடத்துல பன்னண்டு மாட்ட கூட்டி நிறுத்திட்டோம். இளசான ஹெதர வெட்டினா திரும்ப துளிர்க்கும், கிழட்டு ஹெதர் முறிஞ்சா பெரும்பாலும் அவ்வளவுதான், விதையிலேர்ந்து வந்து அந்த உயரம் ஆக பதினஞ்சு இருபது வருஷம். அந்தப் பல்லிக்கும் அது வாழற எடத்துக்கும் சட்டப் பாதுகாப்பு வேற இருக்கு.

ஹீத்த பாத்துக்கற அதிகாரி வந்து பாத்துட்டு ஒரு வார்த்தை பேசல. திட்டியிருந்தாக்கூட தேவலாம்னு இருந்துச்சு.

மேய்ச்சல்னா மாட்ட உள்ள விடறது மட்டும்னு நினைக்காதீங்க. தொட்டியும் உப்பும் எங்க இருக்கோ அங்கதான் மாட்டோட காலு நாள் பூரா விழும், புல்லு மேயற எடத்த விட அங்கதான் சேதம் ஜாஸ்தி. கழுத்துல ஜிபிஎஸ் காலர் மாட்டி வேலி இல்லாமயே எல்லை போடற வசதியெல்லாம் இப்ப வந்துடுச்சு, ஆனா அந்த எல்லைக்குள்ள தொட்டிய தப்பான எடத்துல வச்சா அதே கதைதான். முதல்ல மேப்ப எடுத்து பல்லி மேடு, பாம்பு குளிர்காலம் கழிக்கற மேடு, பறவை கூடு கட்டற பக்கம் எல்லாத்தையும் வட்டம் போடுங்க. தொட்டி அங்கேர்ந்து தள்ளி இருக்கணும். உப்புக் கட்டிய ப்ராக்கன் பெரணி மண்டிக் கெடக்கற எடத்துல வச்சா மாடு மிதிச்சு மிதிச்சு பெரணிய அடக்கும், அது நமக்கு லாபம் (பெரணிய தின்னா விஷம், அதனால பக்கத்துல நல்ல மேய்ச்சல் இருக்கான்னு பாத்துக்கணும்). வாரம் ஒரு தடவை எடத்த மாத்துங்க.

இவ்வளவும் ஞாபகத்துல இருக்கறப்பதான் போன ஞாயிறு ஒரு தம்பி தெற்கு பாத்த மேட்ட காட்டி, "அண்ணா, தொட்டி இங்க இருந்தா வண்டிலேர்ந்தே தண்ணி விட்டுடலாம்ல"ன்னு கேட்டான். அவன அங்கயே உக்கார வச்சு பத்து நிமிஷம் பேசாம மணல பாக்கச் சொன்னேன். எட்டாவது நிமிஷம் ஒரு பச்சைப் பல்லி ஹெதர் அடியிலேர்ந்து தலைய நீட்டுச்சு. அதுக்கப்புறம் அவன் தொட்டியப் பத்தி பேசல.

எந்த மாசம் மேஞ்சா என்னன்னு விடறது

மொலினியான்னு ஒரு புல்லு, ஈர ஹீத்த பூரா மூடிடும். மே ஜூன் ஜூலைல இளசா இருக்கும், மாடு நல்லா தின்னும். இலையுதிர் காலத்துல வைக்கோல் மாதிரி வெளுத்துடும், மாடு மோந்து கூட பாக்காது, அப்ப அது ஹெதர் பக்கம் திரும்பும். புல்ல அடக்கணும்னு சொல்லிட்டு குளிர்காலத்துல மட்டும் மாட்ட விட்டா, காப்பாத்த வேண்டியதத்தான் தின்னுக்கிட்டு இருக்கும்.

கத்தற குருவிய தேடிப் போறது

டார்ட்ஃபோர்ட் வார்ப்ளர்ங்கற குருவி கோர்ஸ் மேல ஏறி விடாம கத்தினா அது பாட்டு இல்ல, நீங்க கூடு பக்கம் நிக்கறீங்கன்னு அர்த்தம். வாயில புழுவ வச்சுக்கிட்டு உள்ள போகாம தவிக்கற குருவி எதுவா இருந்தாலும் அப்படித்தான். இந்த வார்ப்ளர் 1962-63 குளிர்ல நாடு பூரா பத்து பன்னண்டு ஜோடியா குறைஞ்சு மீண்டு வந்தது, நாம நிக்கற அஞ்சு நிமிஷமும் குஞ்சுக்கு சாப்பாடு போகாது. மே மாசம் ஆப்பிரிக்காலேர்ந்து வர்ற நைட்ஜார், நம்ம பக்கிக்குருவி இனம், கூடே கட்டாம தரையிலயே முட்டை போடும், பாதைய விட்டு எறங்கினா காலடியில என்ன இருக்குன்னே தெரியாது.

ஆடர் விரியன் போட்டோவ லொகேஷனோட போடறது

போடாதீங்க. வருஷா வருஷம் அதே மேட்டுக்குத்தான் அது திரும்ப வரும், அதே மேட்டுக்கு கூட்டமும் வரும்.

புழு மருந்து கேக்காம விடறது

ஐவர்மெக்டின்ங்கற புழு மருந்து போட்ட மாட்டோட சாணியில வண்டுப் புழு பிழைக்காது. புது மாடு வந்தா எப்ப மருந்து போட்டீங்கன்னு மாட்டுக்காரர்கிட்ட கேளுங்க.

நம்ம நிழல மறக்கறது

காலைல சூரியன் முதுகுக்குப் பின்னாடி இருந்தா நம்ம நிழல் நமக்கு முன்னாடி போய் பல்லி மேல விழும், நாம பாக்கறதுக்குள்ள அது ஓடியிருக்கும், "ஒண்ணுமே இல்ல"ன்னு நோட்டுல எழுதிட்டு வந்துடுவோம். வெயில் ஏறி மணல் லேசா சூடாகற நேரத்துல போங்க, நிழல் பக்கவாட்டுல விழற மாதிரி நடங்க, ஹெதரும் மணலும் சேர்ற ஓரத்தையே பாருங்க.