லீசுக்கு வீடு எடுக்கறவங்க வெறும் ஸ்டாம்ப் பேப்பரோட நின்னுடாதீங்க

மாச வாடகை கிடையாது, மொத்தமா பத்து லட்சம் குடுத்துட்டு மூணு வருஷம் இருந்துக்கலாம், காலி பண்றப்ப முழுசா திருப்பி வாங்கிக்கலாம், சென்னைல லீஸ்னு சொல்வோம், தெக்க ஒத்தி, போக்கியம்பாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சட்டப்படி இது வாடகையே இல்ல, அடமானம்: ஓனர் உங்ககிட்ட கடன் வாங்குறாரு, வட்டிக்கு பதிலா நீங்க வீட்டை அனுபவிக்கிறீங்க. 100 ரூபாய்க்கு மேல போற இந்த மாதிரி அடமானம் ரெண்டு சாட்சியோட ரெஜிஸ்டர் ஆகணும்னு சொத்து மாற்றுச் சட்டம் 59வது பிரிவு சொல்லுது. ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி நோட்டரி சீல் அடிச்சது பணம் குடுத்ததுக்கு சாட்சியா நிக்கலாம், வீட்டு மேல உங்களுக்கு பிடி குடுக்காது.

முதல்ல, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே, சர்வே நம்பர் கேட்டு வாங்கி பதிவுத்துறை சைட்ல வில்லங்கம் (அந்த சொத்து மேல பதிவான விற்பனை, அடமான விவரம்) போட்டு பாருங்க, பாக்கறதுக்கு காசு இல்ல. பேங்க் லோன் இருந்து அதுக்கு ரத்து ரசீது, அதாவது கடன் தீர்ந்துச்சுங்கற ரசீது, பதிவாகலன்னா லோன் இன்னும் ஓடுதுன்னு வச்சுக்கங்க. நாளைக்கு அவர் தவணை கட்டலன்னா பேங்க் வீட்டை ஏலம் விடும், அவங்க அடமானம் முந்தினது, உங்களுது பிந்தினது, உங்க பத்து லட்சத்தை பேங்க் கண்டுக்காது.

வில்லங்கம் சுத்தமா இருந்தாலும் ஒரிஜினல் பத்திரத்தை கண்ணால பாக்காம விடாதீங்க. ஜெராக்ஸ்தான் இருக்குன்னா ஒரிஜினல் எங்க? வெளிய யார்கிட்டயாவது பத்திரத்தை பதியாம அடகு வச்சு பணம் வாங்கியிருந்தா வில்லங்கத்துல தெரியவே தெரியாது.

அப்புறம் ரெஜிஸ்ட்ரேஷன், இங்கதான் எல்லாரும் நழுவுவாங்க. சுவாதீனத்தோட, அதாவது வீட்டை உங்க கையில குடுக்கற, அடமானத்துக்கு முத்திரைத் தீர்வை 4%, பதிவு கட்டணம் 1%, பத்து லட்சத்துக்கு 50,000 ஆகும். ஆளுக்கு பாதின்னு பேசிப் பாருங்க. செலவு முழுசும் நான் போடறேன்னு சொல்லியும் ஓனர் மறுக்கறாருன்னா எனக்கு சந்தேகம்தான் வரும், அந்த வீடே வேணாம், மாச வாடகைக்கு போங்க. தமிழ்நாட்டோட 2017 வாடகைச் சட்டம் பொதுவா மூணு மாச வாடகையத்தான் அட்வான்ஸுக்கு வரம்பா வச்சிருக்கு, அக்ரிமெண்ட்டையும் வாடகை அதாரிட்டிகிட்ட பதியணும்.

பணம் பேங்க் வழியா மட்டும். பாதி கேஷ்னு ஓனர் சொன்னா, 20,000க்கு மேல கடனை கேஷா வாங்குனா அபராதம் வாங்குனவருக்குத்தான்னு சொல்லுங்க, தானா அக்கவுண்ட் நம்பர் வரும்.

காலி பண்றப்ப ரத்து ரசீதும் ரெஜிஸ்டர் ஆகணும், இல்லன்னா அவர் வில்லங்கம் க்ளியர் ஆகாது, அதனால கையெழுத்தும் சாவியும் பணம் உங்க அக்கவுண்ட்ல ஏறினதுக்கு அப்புறம்தான்.