இம்பாக்ட் கன் திணறுகிறதா? பிரஷரை ஏற்றாதீர்கள்: ஏர் டூல்ஸ் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்ப்ரசர் காற்றில் ஓடி வீல் நட்டைச் சட்டென்று கழற்றிக்கொண்டிருந்த இம்பாக்ட் கன் திணற ஆரம்பித்ததும், பல ஷெட்டுகளில் உடனே கை போவது காற்றின் பிரஷரைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டருக்குத்தான். 90 பிஎஸ்ஐயில் இருந்ததை 120, 130 என்று ஏற்றிவிடுவார்கள். அன்றைக்கு வேலை ஓடும். ஆனால் உள்ளே சுத்தியல் பாகமும், அதன் அடியை வாங்கி நட்டைத் திருப்பும் ஆன்வில்லும் தாங்க வேண்டியதற்கு மேல் அடி வாங்கும். கிரைண்டரில் இது இன்னும் ஆபத்து. பிரஷர் கூடினால் சுழல் வேகமும் கூடும். கல்லில் அச்சிட்டிருக்கும் ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற வரம்பை) தாண்டினால் கல் சிதறும்.

பெரும்பாலான ஏர் டூல்ஸ் 90 பிஎஸ்ஐக்கு, அதாவது சுமார் 6.2 பாருக்கு வடிவமைக்கப்பட்டவை. அந்த அளவு கம்ப்ரசர் மீட்டரில் காட்டினால் போதாது. டிரிக்கரை அழுத்தி டூல் ஓடும்போது, அதன் நுழைவாயிலில் இருக்க வேண்டும். நீளமான கால் அங்குல ஹோஸை மாட்டியிருந்தால் பிரஷர் வழியிலேயே விழுந்துவிடும். அரை அங்குல கன்னுக்கு (சாக்கெட் மாட்டும் முனையின் அளவு இது) 10 மி.மீ. உள்விட்டமுள்ள ஹோஸ் வேண்டும். லாரி வீலுக்கான ஒரு அங்குல கன்னுக்குக் குறைந்தது 13 மி.மீ.; 19 மி.மீ. இருந்தால் நல்லது. நுழைவாயிலில் உள்ள சின்ன வலை அடைத்திருந்தாலும் இதே திணறல்தான். டெஃப்லான் டேப் துணுக்கு போய் உட்காருவதும் அங்கேதான். டேப் சுற்றும்போது முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள்.

ஹோஸும் வலையும் சரியாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் ஆயிலில் இருக்கும். டூலின் காற்று மோட்டாரில் சுழலும் பாகமான ரோட்டாரில் வெட்டிய பள்ளங்களிலிருந்து மெல்லிய பிளேடுகள் வெளியே சறுக்கி வந்து, சிலிண்டர் சுவரைத் தொட்டபடி சுற்றும். ஆயில் தேய்மானத்தைக் குறைப்பதோடு, பிளேடுக்கும் சுவருக்கும் இடையே காற்று கசியாமலும் அடைக்கிறது. ஆயில் வறண்டால் காற்று வீணாகும், பிளேடு தேயும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, கைக்குக் கிடைத்ததை ஊற்றுவது. 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் இதற்குக் கெட்டி. பிளேடுகள் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அதிலுள்ள டிடர்ஜென்ட் தண்ணீரோடு கலந்து கொழகொழவென்று ஆகும். துரு நீக்கும் ஸ்பிரேயில் பெரும்பகுதி கரைப்பான். இருக்கும் ஆயிலையும் கழுவிக்கொண்டு போய், சீக்கிரம் ஆவியாகிவிடும். ஏர் டூல் ஆயில் என்றே விற்பதை வாங்குங்கள்; பொதுவாக ஐஎஸ்ஓ விஜி (ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) 22 அல்லது 32 கிரேடு பொருந்தும்.

காலையில் ஹோஸைக் கழற்றி நுழைவாயிலில் நாலைந்து சொட்டு விட்டு, சில நொடிகள் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். எக்ஸாஸ்ட் முகத்துப் பக்கம் இருக்கக் கூடாது, ஆயில் பீய்ச்சும். தொடர்ந்து ஓடும் டூலுக்கு மணிக்கொரு முறை விட வேண்டும். மாலையில் எடுத்து வைக்கும் முன் விடுவதைத்தான் பலரும் மறக்கிறார்கள். ராத்திரி முழுக்க ஈரத்தோடு கிடக்கும் ரோட்டாரில் துரு பிடிப்பது அப்போதுதான்.

அந்த ஈரம் காற்றோடு வருவது. 30 டிகிரி வெயிலில், 80 சதவீத ஈரப்பதத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். மணிக்கு 17 கன மீட்டர் காற்றை இழுக்கும் சிறிய கம்ப்ரசருக்குள் அந்த ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 400 கிராம் தண்ணீர் போகிறது. ஒரு பகுதி டேங்கில் தங்கும். மீதி, சூடான காற்றோடு கிளம்பி ஹோஸில் குளிர்ந்து டூலுக்குள் வடியும். டேங்கின் அடி வால்வை வாரம் ஒருமுறை திறந்தால் போதாது. தினமும், பிரஷரை நன்றாக இறக்கிவிட்டு மெதுவாகத் திறக்க வேண்டும். டூலை மாட்டும் முன் ஹோஸ் முனையை ஆளில்லாத பக்கம் பிடித்து ஒரு முறை ஊதிவிடுங்கள்.

லைனில் தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டரின் கிண்ணத்தில் தண்ணீர் தடுப்புத் தட்டு வரை ஏறினால் காற்று அதை அப்படியே அள்ளிக்கொண்டு போகும். கிண்ணம் பாலிகார்பனேட் என்றால் தின்னர், பெட்ரோல் கொண்டு துடைக்கவே கூடாது. விரிசல் விட்டுப் பிரஷரில் வெடிக்கும். சோப்புத் தண்ணீர் போதும்.

நுழைவாயிலில் விடும் ஆயில் மோட்டாருக்கு மட்டும்தான். முன்பக்கச் சுத்தியல் அறைக்கு அது போய்ச் சேராது. அந்த அறைக்கு மாடலைப் பொறுத்துத் தனியாகக் கிரீஸோ ஆயிலோ தேவை, எது என்று மேனுவலில் இருக்கும். கிரீஸை அடைத்துத் திணித்தால் சுத்தியல் பாகம் இழுபட்டு அடியின் வேகம் குறையும்.

பெயின்ட் ஸ்பிரே கன்னுக்கு எந்நேரமும் தனி லைன், தனி ஹோஸ். லைன் காற்றில் ஆயிலைக் கலக்கும் லூப்ரிகேட்டரைத் தாண்டி வந்த ஹோஸை அதில் மாட்டினால், ஆயில் துளி விழுந்த இடமெல்லாம் பெயின்ட் குழி குழியாக விலகும். அந்த பேனலைத் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியதுதான்.